சாவியும் அனுமதிச் சீட்டும்



சென்ற ஐப்பசியில், அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை வேளையில், எனக்கு நெடுநாள் பழக்கமான ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அறைவீட்டுக்கு வந்தார். குடையை மடக்கித் திண்ணையில் சாய்த்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தவர், வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. கோவில்பிள்ளை கொண்டுவந்து வைத்த காப்பியும் ஆறிப்போயிற்று. பிறகு மெல்லச் சொன்னார்: "சாமி, பணம் ஒரு காசுகூடக் குறையவில்லை. ஆனால் என் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை."

அவருடைய சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன். ஊரையும் பெயரையும் விட்டுவிட்டேன். நடந்தது இதுதான். அவருக்கு ஓய்வூதியம் ஒரு வங்கியில் வருகிறது. மனைவி உயிரோடிருந்த காலத்தில் போட்டுவைத்த நிரந்தர வைப்புகள் வேறு இரண்டு வங்கிகளில் இருக்கின்றன. முகவர் ஒருவர் சொல்லக் கேட்டு மியூச்சுவல் ஃபண்ட் எனப்படும் பரஸ்பர நிதிகளிலும் சிறிது போட்டிருக்கிறார். கண் பார்வை மங்கிவிட்டபடியால் எது எங்கே இருக்கிறது, எப்போது முதிர்கிறது என்று பார்ப்பது அவருக்குப் பெருந்தொல்லையாகிவிட்டது. அவருடைய மைத்துனர் மகன் கணிப்பொறி படித்தவன். "மாமா, நீங்கள் கவலையை விடுங்கள். எல்லாக் கணக்கையும் ஒரே பக்கத்தில், தினமும் தானாகவே வந்து சேரும்படி செய்து தருகிறேன்" என்றான். இவரும் மனமகிழ்ந்து, நெட் பேங்கிங் பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் எழுதிவைத்திருந்த நாட்குறிப்பை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார். குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. எண்ணும் அவன் கைப்பேசிக்கே போய்ச் சேரும்படி ஏற்பாடாயிற்று.

பத்து மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பையன் கெட்டவனல்லன், ஒரு ரூபாயையும் தொடவில்லை. ஆனால் ஒரு கலியாண வீட்டில் பேச்சு வாக்கில், "மாமா பெரிய மகளுக்குத்தான் அடிக்கடி அனுப்புகிறாரே" என்று வாய் தவறிவிட்டான். பெரிய மகளின் கணவர் வேலையிழந்து ஓராண்டாக வீட்டில் இருப்பதும், தகப்பனார் மறைவாக உதவிவந்ததும் அதுவரை வேறு எவருக்கும் தெரியாது. இப்போது மகன் வருவதில்லை. இளைய மகள் தொலைபேசியை எடுப்பதில்லை. எல்லாரையும்விட அதிகமாக அவமானப்பட்டவர் அந்த மருமகன்தான்.

வங்கிக் கணக்கைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் திருட்டைப் பற்றியே பேசுகிறோம். செய்தித்தாளிலும் அதுதான் வருகிறது. கணக்கைப் பார்ப்பது மட்டுமே எவ்வளவு பெரிய காரியம் என்பதை நினைப்பதில்லை. மாதக் கணக்கு அறிக்கையை எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எந்த மருத்துவமனைக்கு எத்தனை முறை போனோம், எந்த மருந்துக் கடையில் வாங்கினோம், யாருக்குக் கடன் கொடுத்தோம், எந்த அடகுக் கடைக்கு வட்டி கட்டினோம், எந்த மதுக்கடையில் எத்தனை மணிக்குப் பணம் செலுத்தினோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். யு.பி.ஐ. வந்த பிறகு, அதாவது 2016ஆம் ஆண்டுக்குப் பின், பத்து ரூபாய்த் தேநீரும் அந்த ஏட்டில் ஏறிவிடுகிறது. நம் பாட்டன்மார் காலத்துப் பாஸ்புக்கில் மாதத்துக்கு நான்கு வரிகள் இருந்தன. இன்றைய அறிக்கையில் நானூறு வரிகள் இருக்கின்றன. இரகசியம் காப்பதே கடமையாகிவிட்ட என்னைப் போன்றவனுக்கு அந்த நானூறு வரிகளைக் காணும்போது சற்று நடுக்கமே உண்டாகிறது.

ஆயினும் அந்த முதியவரின் தேவை நியாயமானது என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும் தம் சொந்தக் கணக்குகளை ஒன்றாகப் பார்க்க அவர் ஆசைப்பட்டார். இதில் என்ன பிழை? கைத்தவறாமல், மறதியில்லாமல், இயந்திரமே அதைத் திரட்டிக் கொடுக்குமானால் நல்லதுதான். பிழை எங்கே நேர்ந்ததென்றால், அவர் சாவியைக் கொடுத்ததில். ஓர் அனுமதிச் சீட்டு போதுமாயிருந்த இடத்தில் வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டார்.

இந்தப் பிழையை அவர் மட்டும் செய்யவில்லை. உலகமே இருபது ஆண்டுகள் இதைத்தான் செய்தது. அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட யோட்லி என்னும் நிறுவனமும், பின்னர் 2007இல் வந்த மின்ட் என்னும் சேவையும், வாடிக்கையாளரின் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு, அவரைப் போலவே வங்கியின் இணையப் பக்கத்தில் நுழைந்து, அங்குள்ளதைப் படித்து எடுத்துவந்தன. 'திரைச் சுரண்டல்' என்று பொருள்படும் ஒரு பெயரை அந்நாட்டார் இதற்கு இட்டனர், பெயரே போதுமன்றோ! வங்கியின் கண்ணுக்கு, வந்திருப்பவர் வாடிக்கையாளரா அவர் பெயரால் வந்த இயந்திரமா என்று தெரியாது. பார்க்க மட்டும் வந்தவருக்கு எடுக்கவும் வழி திறந்துவிடும். ஒருவருக்குக் கொடுத்ததை நிறுத்த வேண்டுமானால் கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும். வங்கி தன் பக்கத்தின் அமைப்பைச் சிறிது மாற்றினாலும் எல்லாம் நின்றுவிடும். இலட்சக்கணக்கானோர் உபயோகித்துவந்த அந்த மின்ட் சேவை 2024ஆம் ஆண்டு மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது.

ஐரோப்பியர் 2015இல் ஒரு நெறிமுறை இயற்றி, 2018 ஜனவரி முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். உரிமம் பெற்ற நிறுவனம் வாடிக்கையாளரின் சம்மதத்தோடு வந்து கேட்டால் வங்கி கணக்கு விவரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். இங்கிலாந்தில் அதே மாதத்தில் ஒன்பது பெரிய வங்கிகளை வைத்து இவ்வழியைத் தொடங்கினர். அமெரிக்காவில் 2024 அக்டோபரில்தான் இதற்கென ஒரு விதி வெளியாயிற்று. வெளியான அன்றே அதை எதிர்த்து வழக்கும் போடப்பட்டது. இவற்றை விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை.

நம் நாட்டில் நடந்தது நமக்கு முக்கியம். இந்திய ரிசர்வ் வங்கி 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. 'அக்கவுண்ட் அக்ரிகேட்டர்' என்னும் புதியதொரு நிறுவன வகையை அது உண்டாக்கிற்று. இக்கட்டுரையில் இதைக் கணக்குத் திரட்டி என்றே அழைக்கிறேன். சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, 2021 செப்டம்பர் 2ஆம் நாள், எட்டு வங்கிகளைக் கொண்டு இது பொதுமக்களுக்கென அறிமுகமாயிற்று. 2022 ஆகஸ்டில் செபி அமைப்பு பரஸ்பர நிதிகளையும் டிமேட் பங்குக் கணக்குகளையும் இவ்வழியில் சேர்க்க ஏற்பாடு செய்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜி.எஸ்.டி. விவரங்களும் சேர்க்கப்பட்டன. ஒன்மணி, ஃபின்வு, காம்ஸ்ஃபின்செர்வ் என்னும் பெயர்களை உங்களில் சிலர் கைப்பேசியில் கண்டிருக்கலாம். கடனுக்கு விண்ணப்பிக்கும்போது திடீரென்று ஒரு பக்கம் வந்து நின்று சம்மதம் கேட்கும். பலர் அதைப் படியாமலே பொத்தானை அழுத்திவிடுவர்.

கணக்குத் திரட்டியின் வேலை, நம் கோவில் அலுவலகத்துக்கும் ஆயர் இல்லத்துக்கும் இடையே முத்திரையிட்ட உறையைக் கொண்டு செல்லும் ஆளின் வேலையைப் போன்றது. உறையை அவன் கொண்டு போகலாம், பிரிக்கக் கூடாது. ஒரு பக்கம் நம் வங்கி அல்லது நிதி நிறுவனம். மறுபக்கம் அவ்விவரத்தைக் கேட்கும் நிறுவனம். அது கடன் கொடுப்பதாகவோ முதலீட்டு ஆலோசனை சொல்வதாகவோ இருக்கலாம். நாம் சம்மதித்தால் மட்டுமே விவரம் அங்கிருந்து இங்கே போகும். போகும்போது பூட்டிய எழுத்துகளாகவே போகும். திரட்டியால் அதைப் படிக்க முடியாது. விவரம் திரட்டியிடம் தங்கவும் கூடாது. நம் கடவுச்சொல்லையோ இரகசிய எண்ணையோ அது கேட்கவும் கூடாது, வைத்துக்கொள்ளவும் கூடாது என்று 2016ஆம் ஆண்டு ஆணையிலேயே எழுதியிருக்கிறது. பணத்தை இங்கிருந்து அங்கே மாற்றும் காரியத்தில் திரட்டி ஈடுபடலாகாது. வேறு வியாபாரம் செய்யவும் அதற்கு உரிமையில்லை. இத்தனை 'கூடாது'க்களை வைத்து ஒரு நிறுவனத்தைக் கட்டியதைக் கண்டு எனக்கு உண்மையாகவே வியப்பு உண்டாயிற்று.

இனி, அந்தச் சம்மதச் சீட்டைப் பார்ப்போம். இங்கேதான் நீங்கள் நின்று நிதானிக்க வேண்டும். நாம் காகிதத்தில் போடும் கையொப்பத்துக்கு நிகரானது அது. யார் கேட்கிறார், எந்த வகை விவரம் கேட்கிறார், எந்த நாள் முதல் எந்த நாள் வரையிலான வரவு செலவு, எதற்காக, ஒரு தடவையா திரும்பத் திரும்பவா, திரும்பத் திரும்ப என்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை, பெற்றதை எவ்வளவு காலம் வைத்திருப்பார், இச்சம்மதம் எந்த நாளோடு முடிகிறது என்பதெல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். நோக்கங்களுக்கு 101 முதல் 105 வரை எண்களும் இட்டார்கள். அவற்றுள் 104 என்பது கணக்கைத் தொடர்ந்து கண்காணிப்பதற்கான சம்மதம். 105 என்பது ஒரே ஒரு தடவை பார்ப்பதற்கான சம்மதம். நம் கைப்பேசித் திரையில் இந்த எண்கள் தெரியாமல் போகலாம். ஆனால் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் ஒரு குடும்பத்தின் அமைதி தொங்கிக்கொண்டிருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? தையற்கடை நடத்தும் சகோதரி ஒருவர், இரண்டு தையல் இயந்திரம் வாங்குவதற்காகக் கடன் கேட்டிருந்தார். முன்னெல்லாம் இதற்கு வங்கிக் கிளைக்குப் போய் வரிசையில் நின்று, ஆறு மாதக் கணக்கைப் பெற்று, முத்திரை வாங்கி, நகலெடுத்து, கடன் கொடுப்பவரிடம் கொண்டு சேர்ப்பதற்குள் மூன்று நாள் கூலி போய்விடும். அப்படியும், "இந்த நகல் தெளிவில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். இம்முறையோ அவர் தம் கடையில் உட்கார்ந்தபடியே சம்மதம் கொடுத்தார், சில நிமிடங்களில் விவரம் போய்ச் சேர்ந்தது, கடனும் கிடைத்தது. சொத்துப் பத்திரமோ சம்பளச் சான்றோ இல்லாத எளியவருக்கு, ஒழுங்காக வந்துபோன வரவு செலவே சாட்சியாக நிற்கிறதென்றால் அதை நான் வாழ்த்தாமல் இருக்க முடியாது. வட்டிக்காரர் வாசலில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் இரண்டு மாதம் கழித்து அவர் கைப்பேசியை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அவர் கணக்கு விவரம் மாதந்தோறும் போய்க்கொண்டிருந்தது. கடன் தீரும் வரை போகும் என்றும் இருந்தது. "கடன் கேட்டது ஒரு தடவை சாமி, கணக்கை மட்டும் ஏன் மாசாமாசம் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவர் பொத்தானை அழுத்தியபோது திரையில் ஆங்கிலத்தில் அது எழுதப்பட்டேயிருந்தது. அவர் ஏமாற்றப்பட்டார் என்று சட்டப்படி சொல்ல முடியாது. படித்துச் சொல்ல ஆளில்லாமல் சம்மதித்தார் என்று சொல்லலாம்.

இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டு நம் பாராளுமன்றம் இயற்றிய தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமாகவும், குறிப்பான ஒரு காரியத்துக்கென்றும், விஷயம் தெரிந்தும், நிபந்தனையின்றியும், ஐயத்துக்கிடமின்றியும் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. ஐந்தும் அருமையான சொற்கள். ஆனால் பள்ளிக் கட்டணத்துக்கு நாளைதான் கடைசி நாள் என்று நிற்கும் தாய்க்கு எதிரே, 'சம்மதிக்கிறேன்', 'மறுக்கிறேன்' என்னும் இரண்டு பொத்தான்களை வைத்தால், அவள் எதை அழுத்துவாள்? மறுத்தால் கடன் இல்லை. ஒருமுறை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் மூன்றாவது பொத்தானை அவளுக்குக் கொடுப்பது கடன் கொடுப்பவரின் கையில் இருக்கிறது. கடனைத் திரும்பப் பெறும் வரை கவனித்துவருவது அவர்களுக்கும் ஓரளவு நியாயமே என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்காதவருக்கு அந்த மூன்றாவது பொத்தான் கிடைப்பதில்லை. ஆகவே கேளுங்கள். கிளைக்கு நேரில் போகக்கூடியவர்கள், "பழையபடி கணக்கு அறிக்கையையே கொண்டுவந்து தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

தையற்கடைச் சகோதரிக்கு இன்னொன்றும் சொன்னேன். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. கணக்குத் திரட்டியின் செயலியைத் திறந்தால் இதுவரை யார் யாருக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறோம் என்னும் பட்டியல் கிடைக்கும். வேண்டாததை அங்கேயே நிறுத்தலாம். ஆனால் நிறுத்துவது இனிமேல் போவதைத்தான். முன்பே போனது போனதுதான்; சீட்டில் குறித்த காலம் வரை அது அவர்களிடம் இருக்கும். கடன் இன்னும் நிலுவையில் இருக்கும்போது சம்மதத்தை நிறுத்தினால், கடன் ஒப்பந்தம் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். இருவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தோம். அப்படியொரு நிபந்தனை அதில் இல்லை. அன்றே நிறுத்திவிட்டார். மாதத் தவணை தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இவ்வழியைவிட மிகத் தாழ்ந்த வழிகளும் நாட்டில் உண்டு. உடனடிக் கடன் தருகிறோம் என்று வந்து, கைப்பேசியிலுள்ள உறவினர் எண்களையும் புகைப்படங்களையும் அள்ளிக்கொண்டு, தவணை தவறியதும் உற்றார் உறவினருக்கெல்லாம் இழிவான செய்தி அனுப்பிய செயலிகளால் சில குடும்பங்கள் உயிரையே இழந்தன. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2ஆம் நாள் வெளியிட்ட வழிகாட்டு முறைகளில், கடன் செயலிகள் கைப்பேசியின் தொடர்பு எண்களையோ, அழைப்புப் பட்டியலையோ, கோப்புகளையோ தொடக் கூடாது என்று தடுத்தது. உங்கள் பிள்ளைகளின் கைப்பேசியில் ஒரு கடன் செயலி அவற்றைக் கேட்குமானால், அது ஒன்றே அதை நீக்கப் போதிய காரணம்.

கடவுச்சொல் விஷயத்திலும் சட்டம் நம் பக்கம் நில்லாது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் நாளிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தாமே இரகசிய எண்களைப் பிறருக்குக் கொடுத்த கவனக்குறைவால் நஷ்டம் வந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு நஷ்டமும் அவருடையதே என்றது. மைத்துனர் மகனுக்குக் கொடுத்தாலும் பிறர் பிறரே.

"ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே என்கிறீர்கள். இந்தத் திரட்டியும் ஓ.டி.பி. கேட்கிறதே?" என்று ஒரு தாய் என்னை மடக்கினார். உண்மைதான். நம் கைப்பேசி எண்ணைக் கொண்டு எந்தெந்த வங்கியில் நமக்குக் கணக்கு உண்டென்று திரட்டி தேடிக் காட்டும். அதைச் சேர்ப்பதற்கு வங்கி ஓர் எண்ணை அனுப்பும். அந்த எண்ணை நாமே, நம் கையால், நாமே திறந்த செயலியில் இடுகிறோம். வேறொருவர் தொலைபேசியில் அழைத்து, "கணக்கைச் சேர்த்துத் தருகிறேன், எண்ணைச் சொல்லுங்கள்" என்றால், அவர் யாராயினும் சொல்லலாகாது. வந்த குறுஞ்செய்தியின் முதல் வரியையும் வாசியுங்கள். கணக்கைச் சேர்க்க வந்த எண்ணா, பணம் அனுப்ப வந்த எண்ணா என்று அதில் எழுதியிருக்கும்.

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவருடைய மனத்தாங்கலையும் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக் கணக்கைக் கணிப்பொறியில் இரட்டைப் பதிவு முறையில் எழுதிவருகிறார். (அந்த முறையை 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சு நூலாக்கியவர் லூக்கா பச்சியோலி என்னும் பிரான்சிஸ்கன் துறவி என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?) தம் வங்கி விவரம் தம் கணிப்பொறிக்கே தானாக வந்து சேர வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் கணக்குத் திரட்டியின் மறுமுனையில் நின்று விவரம் பெற, ரிசர்வ் வங்கி, செபி போன்றதொரு நிதித்துறை அமைப்பில் பதிவு பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். தனி மனிதர் நிற்க முடியாது. "கணக்கு என்னுடையது, பணம் என்னுடையது. ஆனால் என் விவரத்தைக் கடன் கொடுப்பவன் வாங்கலாம், நான் நேரே வாங்க முடியாதாம் ஃபாதர்!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. மோசடிக்காரர் புகுந்துவிடுவர் என்னும் பயத்தால் இட்ட வேலியாக இருக்கலாம். ஆயினும் உரியவரையே வேலிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. வங்கிகள் மின்னஞ்சலில் அனுப்பும் மாத அறிக்கைகளை எடுத்துப் படிக்கும் சிறியதொரு நிரலைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். கடவுச்சொல் எவரிடமும் போகவில்லை. கணக்கும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. இயந்திரத்தைக் கொண்டு வேலையைச் சுருக்குவதற்கு இது நேர்மையான வழி.

முதலீடுகளைப் பொறுத்தவரையில் நம்மில் பலருக்கு இவ்வளவு தொல்லையும் வேண்டியதில்லை. பங்குகளும் பரஸ்பர நிதிகளும் வைத்திருப்பவருக்கு, பான் எண்ணை அடிப்படையாகக் கொண்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும் தொகுப்பறிக்கை 2015ஆம் ஆண்டு முதல் வந்துகொண்டிருக்கிறது. வரவு செலவு நடந்த மாதத்துக்கு அடுத்து வரும். ஒன்றும் நடவாவிட்டால் அரையாண்டுக்கு ஒருமுறை வரும். மின்னஞ்சலில் வந்து கிடப்பதைத் திறந்துகூடப் பாராதவர்களே அதிகம். தலைமையாசிரியருக்கும் அது வந்துகொண்டேயிருந்தது. அவர் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துவிட்டாராம்.

இனி, இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்படியானால் எவருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே உத்தமம்" என்று தகப்பன்மார் தீர்மானித்துவிட வேண்டாம். அதன் விளைவையும் நான் கண்டிருக்கிறேன். கணவன் திடீரென்று இறந்த பின், எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்றே அறியாமல், பழைய காகிதக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அறைவீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த விதவைகள் ஒருவர் இருவர் அல்லர். இறந்தவர் சம்மதம் கொடுக்க இயலாது. கணக்குத் திரட்டி அங்கே உதவாது. பத்தாண்டுகள் எவரும் தொடாத வைப்புத் தொகை ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடுகிறது. அதைத் தேடிப் பார்ப்பதற்காகவே 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்னும் இணைய வாயிலை அவ்வங்கி திறந்தது. ஏழு வங்கிகளோடு தொடங்கி, 2024 மார்ச்சுக்குள் முப்பது வங்கிகள் சேர்ந்தன. பெயரையும் பான் எண் போன்ற அடையாளத்தையும் கொடுத்துத் தேடலாம். எந்தெந்த இடத்தில் கணக்கு உண்டு என்னும் பட்டியலைக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். அதில் கடவுச்சொல்லை எழுத வேண்டியதில்லை. வங்கியின் பெயரும், கிளையும், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கமும், வாரிசாக யாரைக் குறித்திருக்கிறது என்பதும் போதும்.

தலைமையாசிரியரின் கதைக்கு வருகிறேன். மறுநாளே மூன்று வங்கிகளின் கடவுச்சொற்களையும் மாற்றினார், ஓ.டி.பி. தம் கைப்பேசிக்கே வரும்படி செய்துகொண்டார். மைத்துனர் மகனே வந்து கூட அமர்ந்து, கணக்குத் திரட்டிச் செயலி ஒன்றை அவர் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தான். இம்முறை எண்களை இட்டவர் அவர். பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். அவனை அவர் கடிந்துகொள்ளவில்லை. "நாட்குறிப்பைக் கொடுத்தவன் நான்தானே சாமி" என்றார்.

பிள்ளைகள் விஷயம் அவ்வளவு எளிதாகத் தீரவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இளைய மகள் வந்தாள், மகன் வரவில்லை. பெரிய மருமகனுக்குத் தூத்துக்குடியில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. வாங்கிய தொகையைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தருவேன் என்கிறாராம். மாமனார் வேண்டாம் என்கிறார். அவர் திருப்பி அனுப்புவதும் அந்த அறிக்கையில் ஒரு வரியாக வந்து ஏறும். அதைப் பார்ப்பவர் இனி அவர் ஒருவர்தான்.

வாரிசு நியமனத்தைப் பற்றிப் பலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை குறிக்கலாம் என்னும் மாற்றம் வந்திருக்கிறது. அடுத்த இதழில் அதை எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் உங்கள் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.